வீட்டுக்கு வெளியே மின்சாரம்

(ஜொகூர் மாநிலம், குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றின் பொதுமண்டபத்தில், தீபாவளிக்கு முன்னர் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளி நெருங்கிவிட்டது. வீடுகளுக்குச் சாயம் பூசும் வேலை எங்கும் மும்முரமாக நடைபெறுகின்றது. சற்று முன்னர் வரிசை வீடுகளைக் கடந்து இம்மண்டபத்திற்கு வந்தபோது, சில வாசல்களில் வண்ண விளக்குச் சரங்கள் இப்போதே தொங்குவதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும், அவ்விளக்குகளுக்கு மின்சாரம் செல்லும் வழியை உற்று நோக்கியபோது உள்ளம் சற்றுக் கலங்கியது. ஓரிடத்தில், சன்னல் இடுக்கின் வழியே வெளிவந்த மெல்லிய வயர், தகரக் கூரையின் விளிம்பில் ஓர் ஆணியில் சுற்றப்பட்டு, துணி காயப்போடும் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அஃது எந்த வீடு என்று நாம் கூறப்போவதில்லை. ஏனெனில், அத்தகைய வீடு இத்தோட்டத்தில் மட்டுமன்று, நாம் செல்லும் தோட்டங்கள் பலவற்றிலும் உண்டு.

அந்த வயரின் மேலுறை ஆணியில் உரசிக் கிழிந்தால் என்ன நேரும்? தகரக் கூரை முழுவதிலும் மின்சாரம் பாயும். கூரையிலிருந்து துணிக்கம்பிக்கும் அது வரும். மறுநாட்காலை ஈரத்துணியோடும் ஈரக்கையோடும் வெறுங்காலோடும் அங்கு வந்து நிற்பவர் யார்? நம் வீட்டுத் தாய், அல்லது மனைவி, அல்லது மகள். இதனை முதலிலேயே கூறிவிட்டோம். இனி நாம் கூறப்போவன யாவும் அந்த ஒருவரைக் காப்பதற்காகவே.

தோட்டத்தில் எஞ்சின் ஓடும் சில மணி நேரம் மட்டும் விளக்கெரிந்து, இரவில் குறித்த மணியானதும் அணைந்துபோன காலத்தை இங்குள்ள பெரியோர் அறிவர். நம் நாட்டில் மத்திய மின்சார வாரியம் 1949ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொடங்கப்பெற்றது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறிற்று. 1990இல் அதன் பணிகளைத் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. காலப்போக்கில் பொது மின்சாரம் தோட்டங்களையும் எட்டியது. தொடக்கத்தில் ஒரு வீட்டிற்கு இரண்டு மூன்று விளக்குகளும் ஒரு வானொலியுமே இருந்தன. இன்றோ பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரம், கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பு, வாசலில் விளக்கு, சுவரில் கண்காணிப்புக் கேமரா, பண்டிகைக் காலத்தில் விளக்குச் சரம் என்று மின்சாரம் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. வீடு பழையது, உள்ளே ஓடும் வயரும் பல இடங்களில் பழையது, ஆனால் அதன் தலைமேல் நாம் சுமத்தும் வேலை புதியது. இதுதான் இன்றைய நிலை.

வீட்டுக்குள் இருக்கும் அதே மின்சாரந்தானே வெளியேயும் இருக்கிறது, அதற்கென ஏன் தனிக் கவனம் என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துவதுபோல் இதனைச் சற்று விளக்குவோம்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஈரமான மனித உடல் மின்சாரத்திற்குக் காட்டும் தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், உடல் வழியே ஓடக்கூடிய மின்னோட்டம் 230 மில்லியம்பியர். இஃது எவ்வளவு பெரியது? ஏறக்குறைய 10 மில்லியம்பியர் பாய்ந்தாலே பிடித்த கம்பியைக் கை விடாது, தசைகள் இறுகிக்கொள்ளும். 30 மில்லியம்பியரைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பழைய 60 வாட் குண்டு விளக்கு ஒன்று எரிய ஏறத்தாழ 260 மில்லியம்பியர் வேண்டும். ஒரு சிறிய விளக்கை எரிக்கும் மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானது என்பதை இதனால் அறிகின்றோம்.

வீட்டுக்குள் உலர்ந்த தரையில் காலணியோடு நிற்கும்போது அவ்வளவு மின்சாரம் உடலில் ஓடுவது அரிது. வெளியே மழை, சேறு, வெறுங்கால். அங்கு நிற்பவரின் உடலே மின்சாரம் மண்ணுக்குச் செல்லும் பாதையாகிவிடுகின்றது. வீட்டுக்குள் சிறு அதிர்ச்சியோடு போகும் பிழை, வெளியே சாவில் முடிவது இதனாலேயே.

"சுவிட்சுப் பெட்டியில் ஃபியூஸ் இருக்கின்றதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்கலாம். காப்பாற்றாது. பிளக்கிலுள்ள ஃபியூஸ் 13 ஆம்பியர், அதாவது 13,000 மில்லியம்பியர். வயர் சூடேறித் தீப்பற்றாமல் காப்பது அதன் வேலை. மனிதரைக் கொல்லும் 30 மில்லியம்பியர் அதன் கண்ணுக்கே தெரியாது.

மனிதரைக் காக்கும் காவலர் இருவர் உளர். ஒருவர் மின்கசிவுத் துண்டிப்பான். நம் மக்கள் வழக்கில் இ.எல்.சி.பி. என்பர். மற்றவர் எர்த் கம்பி. இவ்விருவரும் பணியில் இருக்கின்றனரா என்று பார்க்காமல், வீட்டுக்கு வெளியே ஒரு விளக்கைக்கூட மாட்டலாகாது. நாம் இன்று சொல்ல வந்த செய்திகளுள் தலையாயது இதுவே.

துண்டிப்பான் என்ன செய்கின்றது? கடைக்காரர் வெளியே போன பணத்தையும் திரும்பி வந்த பணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல, ஒரு கம்பியில் போன மின்சாரமும் மற்றொரு கம்பியில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகின்றது. குறைந்தால், அந்தக் குறை எங்கோ கசிகின்றது என்று பொருள். ஒருவேளை ஒரு மனிதரின் உடல் வழியே கசிகின்றது. 30 மில்லியம்பியர் துண்டிப்பான், அந்த அளவு கசிந்தால் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும்.

இதன் அளவையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் உள்ள இடத்திற்கு 30 மில்லியம்பியர் என்றும், தரை நனையக்கூடிய இடத்திற்கு 10 மில்லியம்பியர் என்றும் வகுத்தன. வீடு முழுமைக்கும் 100 மில்லியம்பியர் துண்டிப்பான் ஒன்று மட்டும் இருக்குமாயின், அது தீ விபத்தைத் தடுக்க உதவும். ஈரத்தில் நிற்பவரைக் காக்க அது போதாது. எண் துண்டிப்பானின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் அதனைப் படித்துப் பாருங்கள்.

அதே முகத்தில் சோதனைப் பொத்தான் ஒன்றும் உண்டு. மாதம் ஒரு முறை அதனை அழுத்துதல் வேண்டும். அழுத்தியவுடன் நெம்புகோல் படீரென்று கீழே விழுந்தால் காவலர் விழித்திருக்கின்றார். விழாவிட்டால் அவர் உறங்கிவிட்டார். அன்றே நிர்வாகத்திற்குத் தெரிவித்து மாற்றச் செய்தல் வேண்டும். நாள் மறந்துபோகும் என்று அஞ்சுவோருக்கு எளிய வழி ஒன்று கூறுவோம்: சம்பள நாளன்று அழுத்துங்கள். சம்பள நாளை மறப்பவர் எவருமிலர்.

இனி, எர்த் கம்பி. துணி துவைக்கும் இயந்திரத்தின் உள்ளே வயர் நைந்து, அதன் இரும்பு உடலில் மின்சாரம் ஏறிவிட்டது என்று கொள்வோம். எர்த் கம்பி இருந்தால் அம்மின்சாரம் அப்பொழுதே மண்ணுக்கு ஓடும். துண்டிப்பானும் அப்பொழுதே விழும். எர்த் கம்பி இல்லையேல், அது யாராவது வந்து தொடும்வரை காத்திருக்கும். சோதனைப் பொத்தான் எர்த் கம்பியைச் சோதிப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அதனைக் கருவி வைத்து அளப்பது வயர்மேனின் வேலை. தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றிவிட்டு எர்த் கொடுத்துவிட்டோம் என்று எண்ணுவது பெரும்பிழை. இன்றைய குழாய்களுட் பல பிளாஸ்டிக்கினால் ஆனவை. அவற்றின் வழியே மின்சாரம் மண்ணைச் சேராது.

இரண்டு கால் பிளக்கை மூன்று துளைச் சாக்கெட்டில், மேல் துளையைப் பேனா முனையால் நெம்பி நுழைக்கும் பழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. பேனா முனையால் நாம் திறப்பது, குழந்தைகளின் விரல் உள்ளே போகாமல் தடுக்கும் கதவை என்பதை அறிவீர்களாக. அவ்வாறு நுழைத்த பிளக்கு சாக்கெட்டில் சரியாகப் பொருந்துவதுமில்லை. சிரிம் முத்திரையுள்ள மாற்றுப் பிளக்கை வாங்கிப் பொருத்துவதே முறை. விளக்குச் சரம் வாங்கும்போதும் அம்முத்திரையைத் தேடுங்கள். வெளிப்புறத்திற்கு உரியதா என்று உறையில் படியுங்கள். அழுத்தத்தைக் குறைக்கும் சிறு பெட்டியோடு வரும் 12 அல்லது 24 வோல்ட் சரங்கள், 230 வோல்ட் சரங்களைவிடப் பாதுகாப்பானவை. அச்சிறு பெட்டியை மட்டும் மழை படாமல் வீட்டுக்குள்ளேயே வைத்தல் வேண்டும்.

அடுத்து, ஒழுங்கைப் பற்றிச் சில சொற்கள். வயரை ஒழுங்காக அமைப்பது வெறும் அழகுக்காக என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கண்ணுக்குத் தெரியும் நேரான பாதையில் செல்லும் வயரையே நாம் சோதிக்க முடியும். கூரைக்கு மேலும் கொடிக்குக் கீழுமாக அலைந்து செல்லும் வயரில் எங்கே காயம் பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, ஒழுங்கே பாதுகாப்பின் முதற்படி.

நல்ல வெளிப்புற அமைப்பின் அடையாளங்கள் இவை. சுவிட்சு வீட்டுக்குள்ளும் விளக்கு வெளியிலும் இருக்கும். சுவரில் வயருக்காக இடும் துளை, உள்ளிருந்து வெளிநோக்கிச் சற்றே கீழ்ச்சரிவாக இருக்கும். மழைநீர் உள்ளே ஓடாது. வயர் பிளாஸ்டிக் குழாய்க்குள் சென்று, சம இடைவெளியில் பிடிப்பான்களால் சுவரோடு இறுக்கப்பட்டிருக்கும். நேரடி வெயில் படும் சாதாரண வயரின் உறை சில ஆண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும். அக்குழாய் பெட்டிக்குள் மேலிருந்து இறங்காமல் கீழிருந்தே நுழையும். தண்ணீர் வயரைப் பற்றிக்கொண்டு உள்ளே போகாதிருக்க இதுவே வழி. இணைப்பு எதுவாயினும் மூடிய பெட்டிக்குள் மட்டுமே இருக்கும். இரண்டு கம்பிகளை முறுக்கிக் கறுப்பு நாடா சுற்றிய இணைப்பு, வெயிலிலும் மழையிலும் ஒரு பருவமும் தாங்காது.

விளக்கையோ சாக்கெட்டையோ வாங்கும்போது, அதன்மேல் 'ஐ.பி.' என்ற எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் இருக்கக் காண்பீர்கள். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாம் இலக்கம் தண்ணீரையும் குறிப்பன. ஐ.பி. 44 என்றால் எத்திசையிலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐ.பி. 65 என்றால் தூசி புகாது. பாய்ச்சும் நீரையும் தாங்கும். கூரைக்கு அடியில் முன்னது போதும். மழை நேரே அடிக்கும் இடத்திற்குப் பின்னதே தகும்.

மண்ணுக்கு அடியில் வயர் கொண்டு செல்ல நேர்ந்தால், இரும்புக் கவசமுள்ள கேபிளை மண்வெட்டி எட்டாத ஆழத்தில் புதைத்து, அதன்மேல் எச்சரிக்கை நாடா இடுதல் வேண்டும். புதைத்த வழியைத் தாளில் வரைந்து சுவிட்சுப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். நாளை அவ்விடத்தில் மரவள்ளி நடப்போகும் நம் பிள்ளைக்கு அத்தாள் உயிர் காக்கும். நீட்டிப்பு வயரோ ஒரு நாள் வேலைக்கு மட்டுமே உரியது. அதனைச் சுருளோடு வைத்துப் பயன்படுத்தினால் சூடேறும். முழுவதும் விரித்த பின்னரே பயன்படுத்துக.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னர், நாமே செய்துவிடலாம் என்று கைத்திறன் படைத்த இளைஞர் எவரேனும் எண்ணலாம். அவரிடம் ஒன்றைக் கேட்போம். நீலக் கம்பி எது? சுவருக்குள் ஓடும் நம் நாட்டு மின்னமைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் உயிருள்ள கம்பிகள், கறுப்பு திரும்பும் கம்பி, பச்சை எர்த். ஆனால் கருவிகளோடு வரும் மென்வயரில் பழுப்பே உயிருள்ள கம்பி. நீலம் திரும்பும் கம்பி. ஓரிடத்தில் கொல்லும் நிறம் மற்றோரிடத்தில் சாதுவாக இருக்கின்றது. இதனை அறியாமல் கைவைத்தால் விளைவு என்னாகும்?

எனவே சட்டம் தெளிவாக வகுத்துள்ளது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடமே வேலையை ஒப்படைத்தல் வேண்டும்; தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனே அதனை மேற்பார்த்தல் வேண்டும். வேலை முடிந்ததும் மேற்பார்வைக்கும் நிறைவுக்கும் உரிய 'ஜி' பாரமும், சோதனைக்குரிய 'எச்' பாரமும் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். வாங்கிய பொருளுக்கு ரசீது கேட்பதில் தவறு உண்டா?

லயத்து வீடு நிர்வாகத்திற்குச் சொந்தமானது. அதன் மின்னமைப்பை நாமாக மாற்றுதல் முறையன்று. அதே வேளையில், 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய மின்வசதி கிடைக்கச் செய்வதையும் கட்டடங்களை நல்ல நிலையில் பேணுவதையும் முதலாளியின் கடமையாக்கியது. நைந்த வயரைக் கண்டால் அதனை எழுத்து மூலம் தெரிவிப்பது குறை கூறுவதாகாது. அது நம் உரிமை. நிர்வாகத்திற்கும் அஃது உதவி. இங்கு வந்திருக்கும் நிர்வாகத்தினரும் இதனை அவ்வாறே ஏற்பர் என்று நம்புகின்றோம்.

ஆலயத் திருவிழாவைப் பற்றியும் கூறாமலிருக்க இயலாது. தமிழகத்தில், தஞ்சாவூரை அடுத்த களிமேடு கிராமத்தில், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். விளக்குகளால் அலங்கரித்துப் பக்தியோடு இழுத்த தேர் அது. நம் தோட்டங்களிலும் இரதம் வலம் வருகின்றது. ஆகவே, ஊர்வலப் பாதையை முன்னதாகவே நடந்து பார்த்து, மேலே செல்லும் கம்பிகளின் இடத்தைக் குறித்து, இரதத்தின் உயரத்தை அலங்காரத்தோடு சேர்த்து அளந்து, ஐயம் இருப்பின் தெனாகா நேஷனல் அலுவலகத்திற்கு முன்கூட்டியே தெரிவித்தல் ஆலயக் குழுவின் முதற்பணியாகட்டும்.

காய்கறித் தோட்டத்திற்குக் காட்டுப்பன்றி வராமலிருக்க, வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் பாய்ச்சும் கொடிய பழக்கம் ஒன்றும் ஆங்காங்கே உண்டு. முறையான மின்வேலிக் கருவி, நொடிக்கு ஒருமுறை மிகச் சிறு துடிப்பை மட்டுமே அனுப்பும். வீட்டு மின்சாரமோ பிடித்தவரை விடாது. அவ்வேலிக்குப் பன்றி எது, அதிகாலையில் வேலைக்குச் செல்லும் மனிதர் எவர் என்ற வேறுபாடு தெரியாது. இதனைச் செய்பவர் வேலி கட்டவில்லை, கொலைப்பொறி வைக்கின்றார்.

மழைக்காலமும் வரப்போகின்றது. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2023 மார்ச் மாதத்தில் சிகாமட்டும் பத்து பகாட்டும் மீண்டும் அத்துன்பத்தைக் கண்டன. வெள்ளம் வாசலை எட்டும் முன்னரே, உலர்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நீர் வடிந்த பின்னரும், நனைந்த சாக்கெட்டுகளை வயர்மேன் சோதிக்கும்வரை அதனைத் திரும்பப் போடலாகாது. இடி மின்னல் வருவது தெரிந்தால், முன்னதாகவே வெளிப்புறக் கருவிகளின் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னரும் ஒருவர் மின்சாரத்தில் சிக்கிவிட்டால்? பாசத்தால் ஓடிச்சென்று தொடாதீர்கள். ஒருவரைக் காக்கப் போய் இருவராக மாண்ட குடும்பங்கள் உண்டு. முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். இயலாவிடில், உலர்ந்த பலகையின்மேல் நின்றுகொண்டு, உலர்ந்த மரக்கட்டையால் வயரை விலக்குங்கள். உடனே 999க்கு அழையுங்கள். மூச்சு இல்லையேல், மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். அறுந்து விழுந்த சாலையோரக் கம்பியாயின் அருகில் செல்லவே கூடாது. பிறரையும் தள்ளி நிறுத்தி, தெனாகா நேஷனலின் 15454 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

அன்பர்களே, நீண்ட நேரம் பேசிவிட்டோம். நீங்கள் மூன்று காரியங்களை மட்டும் செய்தால் இவ்வுரையின் பயன் கிட்டியதாகக் கொள்வோம். இன்றிரவு துண்டிப்பானின் எண்ணைப் படித்து, அதன் பொத்தானை அழுத்துங்கள். நாளைப் பகலில், எதையும் தொடாமல் வீட்டைச் சுற்றி நடந்து, தகரத்தையோ இரும்பையோ துணிக்கம்பியையோ தொட்டுச் செல்லும் வயர் உண்டா என்று பாருங்கள். உண்டாயின், சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிய பின்னரே அதனை அகற்றுங்கள். நிலையான வயராயின், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நிர்வாகத்திற்கு எழுதிக் கொடுங்கள்.

தீபாவளி ஒளித் திருநாள். அவ்வொளி வாசலிலும் திகழட்டும். வேண்டாமென்று நாம் தடுக்கவில்லை. தீபாவளிக்கு மறுநாட்காலை, நம் வீட்டுத் தாய் புத்தாடையைத் துவைத்து உலர்த்த வெளியே வரும்போது, அவர் அச்சமின்றிக் கைநீட்டும் கம்பி வெறும் துணிக்கம்பியாகவே இருக்கட்டும்.